சொல் வந்த வழி – 17: பாம்பின் நுரை

அபினுக்கு வடமொழியில் ‘அஹிபேனம்’ என்று பெயர். அஹி என்றால் பாம்பு, பேனம் என்றால் நுரை. ‘நாகபேனம்’ என்று இன்னொரு பெயரும் உண்டு; அதற்கும் அதே பொருள்தான். பாம்பின் வாயில் ததும்பும் நுரையைப் போன்றது, உள்ளே போனால் ஆளைச் சாய்த்துவிடும் என்று விளக்கம் சொன்னால், கேட்பவர் மறு கேள்வி கேட்காமல் தலையாட்டுவார். எனக்குச் சந்தேகம் தட்டுவது அந்த இடத்தில்தான். ஒரு பொருளின் நிறம், குணம், ஆபத்து எல்லாவற்றையும் இரண்டே சொற்களில் அடக்கிவிடுகிற பெயர்கள் பெரும்பாலும் பிறந்த பெயர்கள் அல்ல, சூட்டிய பெயர்கள். அபின் என்ற சொல்லுக்கும் பாம்புக்கும் ஓர் ஒட்டும் உறவும் கிடையாது என்பதே இந்த வாரம் நான் எடுத்துக்கொள்ளும் கட்சி. கிரேக்கத்தில் ‘சாறு’ என்று மட்டுமே பொருள்பட்ட ஒரு சாதாரணச் சொல் மருத்துவர் கையிலும் வணிகர் மூட்டையிலும் ஏறிக் கிழக்கே வந்தது. அதன் பொருள் தெரியாத ஒவ்வொரு நாடும் தனக்குத் தெரிந்த பொருளை அதற்குள் ஊற்றி வைத்துக்கொண்டது. அப்படிப் பார்த்தால், அஹிபேனம் என்ற பெயர் அபினை நாம் தொன்றுதொட்டு அறிந்திருந்தோம் என்பதற்குச் சான்றாகாது. அது நமக்குப் புதிதாக வந்த சரக்கு என்பதற்குத்தான் சான்றாகும்.

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பகுதிகளிலும் ராஜஸ்தானின் சித்தோர்கர் பக்கத்திலும் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இன்றும் இதைப் பயிரிடுகிறார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் விதைத்தால் மாசி, பங்குனியில் இதழ்கள் உதிர்ந்து, எலுமிச்சை அளவில் சாம்பல் பூத்த பச்சைக் காய் நிற்கும். அதன் தலையில் சிறு கிரீடம் போல ஒரு தட்டு. பிற்பகல் வெயிலில், மூன்று நான்கு மெல்லிய அலகுகளைச் சேர்த்துக் கட்டிய கீறுகத்தியால் காயின் மேல்தோலை மட்டும் கீறிவிடுவார்கள். கத்தி ஆழமாக இறங்கினால் பால் உள்ளே வடிந்து வீணாகும். கீறலில் பொடிப்பொடியாகத் துளிர்க்கிற பால் முதலில் வெள்ளை வெளேரென்று இருக்கும். இரவெல்லாம் காற்றுப்பட்டு, விடியும்போது பழுப்பாகிப் பிசினாக இறுகியிருக்கும். அதை வழித்து எடுப்பது காலை வேலை. கி.பி. முதல் நூற்றாண்டில் டியாஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் எழுதிவைத்த முறையும் ஏறக்குறைய இதுவே: பனி காய்ந்தபின் காயின் தலைத்தட்டைச் சுற்றி உள்ளே துளைபடாமல் கீறு, கசிவதை விரலால் வழித்துக் கரண்டியில் சேர், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து மறுபடியும் பார். இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்த வேலையில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

அந்தப் பாலைக் கிரேக்கர்கள் ‘ஒபோஸ்’ என்றார்கள். அது அபினுக்கென்றே பிறந்த சொல் அல்ல. எந்த மரம் செடியைக் கீறினாலும் வருகிற சாற்றுக்கு அதுதான் பெயர், அத்திப்பாலும் ஒபோஸ்தான். சிறுமைப்பொருள் விகுதி சேர்ந்தபோது ‘ஒபியோன்’ ஆயிற்று. ‘சிறுசாறு’ என்று சொல்லலாம். லத்தீனில் அது ஓபியம். செடிக்குக் கிரேக்கர் வைத்திருந்த பெயர் முற்றிலும் வேறு: ‘மேகோன்’. செடியை இடித்துப் பிழிந்து எடுக்கும் மட்டமான சாரத்துக்கு ‘மேகோனியோன்’ என்றும், காயைக் கீறி எடுக்கும் வீரியமான பாலுக்கு ஒபோஸ் என்றும் டியாஸ்கோரிடிஸ் பிரித்துச் சொல்கிறார். செடியின் பெயரை விட்டுவிட்டு, எடுக்கும் முறையைச் சுட்டுகிற பெயரே உலகம் சுற்றக் கிளம்பியது. மயக்கம், உறக்கம், போதை எதுவும் அதில் இல்லை. மருந்துக்கடைக்காரர் டப்பாவில் ஒட்டுகிற சீட்டு எப்படியிருக்குமோ அப்படி இருக்கிறது அந்தச் சொல்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்கள் வரிசையாக அரபிக்குப் போயின. ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் டியாஸ்கோரிடிஸையும் கொண்டுசேர்த்தார்கள். அரபியில் பகர ஒலி கிடையாது. பகரம் வருமிடத்தில் ஃபகரம் வரும். பிளாட்டோ அங்கே அஃப்லாத்தூன் ஆனதுபோல ஒபியோன் ‘அஃப்யூன்’ ஆயிற்று. 1037இல் இறந்த இப்னு சீனாவின் மருத்துவக் களஞ்சியத்தில் அது அன்றாடச் சொல். அரபியிலிருந்து பாரசீகத்துக்கும் அங்கிருந்து இந்தியாவுக்கும் மொழிமாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. வணிகமும் ஹக்கீம்களும் போதுமானவர்களாக இருந்தார்கள். இங்கே தமிழ் வாசகர் கவனிக்க ஒரு சிறிய வேடிக்கை உண்டு. ஹக்கீம்களின் மருத்துவத்துக்குப் பெயர் யுனானி. யுனான் என்றால் கிரேக்கம். நம்முடைய ‘யவனர்’ என்ற சொல்லும் அதே அயோனியாவிலிருந்து வந்ததுதான். சங்க காலத்தில் கப்பலேறி வந்த யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூறு குறிப்பிடுகிறது. அபினைப் பற்றி மூச்சுப் பேச்சில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, கடல்வழி வந்த அந்த யவனர் தராத சொல்லை, நிலவழி வந்த யுனானி தந்தது.

வடமொழிச் சான்றுக்கு வருவோம். சரகத்திலும் சுஸ்ருதத்திலும் அபின் இல்லை. ஒரு நூலில் ஒரு பொருள் இல்லை என்பதால் அது நாட்டிலேயே இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். இலக்கியமாக இருந்தால் நானும் அந்தக் கேள்விக்குப் பணிந்துபோவேன். சங்கப் பாடலில் ஒரு காய் சொல்லப்படாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மருத்துவ நூலின் மௌனம் அப்படிப்பட்டதல்ல. இந்த இரண்டு நூல்களிலும் அதிசாரம் எனப்படும் வயிற்றுப்போக்குக்குத் தனி அத்தியாயங்கள் இருக்கின்றன; வில்வக்காய், குடசப்பாலை என்று மருந்துகள் அடுக்கப்படுகின்றன. வயிற்றுப்போக்கை நிறுத்துவதில் பழைய உலகம் அறிந்த மருந்துகளிலேயே கைகண்டது அபின். அதைத் தெரிந்த வைத்தியர் இந்த அத்தியாயத்தில் அதை எழுதாமல் விடுவாரா? கடுக்காயையும் திப்பிலியையும் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தவர்கள், கண்ணெதிரே இருந்த இதை மட்டும் மறைத்தார்கள் என்று நம்புவது கடினம். பிற்கால நூல்களுக்கு வந்தால் காட்சியே மாறிவிடுகிறது. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சார்ங்கதர சம்ஹிதையில் அஹிபேனம் வருகிறது. செரிப்பதற்கு முன்பே உடலெங்கும் பரவிவிடுகிற மருந்து வகைக்கு எடுத்துக்காட்டாக, கஞ்சாவோடு சேர்த்து அதைச் சொல்கிறது. அதன்பிறகு அபின் நூல்களை விட்டு நீங்கவேயில்லை.

அஹிபேனத்திலிருந்துதான் அரபியர் அஃப்யூனை எடுத்தார்கள், சொல் இங்கிருந்து அங்கே போனது என்று வாதிடுவோரும் உண்டு. சர்க்கரை, மிளகு, பூஜ்யம் எல்லாம் அப்படிப் போனவைதானே என்று அவர்கள் கேட்பார்கள். போனவைதான், ஆனால் இது போனதல்ல. காலக்கணக்கு இடம் தரவில்லை: கிரேக்கச் சொல் முதல் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது, அரபிச் சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் புழங்குகிறது, வடமொழிச் சொல் அதற்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது. ஒலிக்கணக்கும் இடம் தரவில்லை. அஃப்யூனின் நடுவில் இருக்கும் ‘யூ’, ஒபியோனின் ‘இயோ’விலிருந்து இயல்பாக வருகிறது, ‘அஹிபேன’வின் ஏகாரத்திலிருந்து அதை வரவழைக்கத் தனி மந்திரம் வேண்டும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வடமொழிச் சொல்லின் தடுமாற்றம். அஹிபேனம் மட்டுமா இருக்கிறது? அபேனம், ஆபூகம் என்றும் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் ஆபூகத்தையும் அஹிபேனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பொருளாகக் காட்டுகிறது. பாம்பு நுரை என்பதுதான் ஆதிக் கருத்து என்றால், பாம்பே இல்லாத ஆபூகம் எங்கிருந்து முளைத்தது? காதில் விழுந்த அந்நிய ஒலியைப் பலர் பல விதமாகப் பிடித்தார்கள். அவற்றில் பொருள் தந்த வடிவத்துக்கு மவுசு கூடியது. அவ்வளவுதான் நடந்தது. செடியின் பெயரும் இதையே சொல்கிறது: வடமொழியில் அது ‘கஸதிலம்’. திலம் என்றால் எள். முன்னால் ஒட்டியிருக்கும் ‘கஸ’ யாருடையது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பாம்பு எப்படியோ இந்தக் கதையைச் சுற்றிச் சுற்றி வருவது உண்மை. பாரசீகத்தில் இன்று அபினுக்கு வழக்கமான பெயர் ‘தர்யாக்’. அது ‘தேரியாகே’ என்ற கிரேக்கச் சொல்; விலங்குக்கடிக்கும் பாம்புக்கடிக்கும் முறிமருந்து என்று பொருள். நீரோ மன்னனின் மருத்துவரான ஆந்த்ரோமாக்கஸ் செய்த புகழ்பெற்ற முறிமருந்தில் விரியன்பாம்பின் இறைச்சியும் சேர்ந்தது, அபினும் சேர்ந்தது. பல சரக்கு கலந்த அந்த லேகியத்தில் ஆளைக் கட்டிப்போட்டது அபின்தான் என்பதால், லேகியத்தின் பெயர் அபினுக்கே நிலைத்துவிட்டது. துருக்கியில் ‘திர்யாக்கி’ என்றால் ஏதோ ஒன்றுக்கு அடிமையானவர். காபிக்கு அடிமையானவரையும் அப்படிச் சொல்வார்கள். முறிமருந்து என்ற சொல் அடிமை என்ற சொல்லானது. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த பொருள்மாற்றங்களில் இவ்வளவு தலைகீழானது வேறில்லை. பாரசீகத்தில் பாம்புக்கு மருந்து, வடமொழியில் பாம்பின் நுரை என்று இரண்டையும் முடிச்சுப்போட ஆசையாகத்தான் இருக்கிறது. முடிச்சுப்போட ஒரு நூலிழைகூடக் கிடைக்காததால் அந்த ஆசையை ஒதுக்கி வைக்கிறேன்.

இந்தியா செய்ததைத்தான் சீனாவும் செய்தது என்பது என் வாதத்துக்குக் கிடைத்த நல்ல துணை. லி ஷிசென் என்ற சீன மருத்துவர் எழுதி 1596இல் அச்சான ‘பென்சாவோ காங்மு’ என்ற மாபெரும் மருந்துநூலில் அபினுக்கு ‘அஃபுரோங்’ என்று பெயர். ஃபுரோங் என்பது சீனத்தில் செம்பருத்தி இனத்துப் பூ. இப்பெயரின் பொருள் தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொள்கிற லி ஷிசென், ‘அ’ என்பது வட்டார வழக்கில் ‘என்’ என்று பொருள்படும், பூவின் நிறம் ஃபுரோங்கைப் போலிருப்பதால் இப்பெயர் வந்தது என்று சிலர் சொல்வதாகவும் எழுதுகிறார். அஃப்யூன் அங்கே பூவாகிவிட்டது! மக்கள் வழக்கிலிருந்த இன்னொரு வடிவம் ‘யாபியன்’. அதை எழுதும் இரண்டு எழுத்துகளுக்குத் தனித்தனியே பொருள் பார்த்தால் காகம், துண்டு. அதே சொல் ஒரு நாட்டில் பாம்பாகவும் இன்னொரு நாட்டில் பூவாகவும் காகமாகவும் மாறியிருக்கிறது. சீனரின் செம்பருத்தியை யாரும் அபினின் மூலமாக எடுத்துக்கொள்வதில்லை. நம்முடைய பாம்புக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை? லி ஷிசென் நூலின் ஆண்டையும் கவனிக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600இல். அபின் என்ற சொல்லையே ஆங்கிலேயர்தாம் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று நினைப்பது தவறு. சொல் அங்கே ஏற்கெனவே இருந்தது. அவர்கள் கொண்டுபோனது அளவு. 1729இல் யோங்செங் பேரரசர் தடை போட்டார். 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபினைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். 1839இல் சீன அரசின் ஆணையர் லின் செஷு கான்டன் வணிகரிடமிருந்து பறிமுதல் செய்து ஹூமெனில் அழித்தது 20,000 பெட்டிகளுக்கும் மேல். அதையடுத்து வந்த அபின் போர்களின் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

தெற்கே வந்தால் இன்னொரு வகைப் பெயரிடுதலைப் பார்க்கலாம். மலையாளத்தில் அபினுக்குக் ‘கறுப்பு’ என்றே பெயர். தெலுங்கில் ‘நல்லமந்து’, தமிழ்க் காதுக்கு நல்ல மருந்து என்று கேட்கும், ஆனால் தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. கறுப்பு மருந்து. (அஹிபேனம் எப்படிப் பிறந்திருக்கும் என்பதற்கு இதைவிடக் கையருகே ஓர் உதாரணம் கிடைக்காது: பக்கத்து மொழிச் சொல்லை நம் மொழியில் கேட்டோம், உடனே பொருள் கிடைத்துவிட்டது, பொருள் தவறு.) சொந்தமாகப் பெயர் வைத்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தை வைத்தே பெயர் வைத்தார்கள். தமிழோ வந்த பெயரை அப்படியே வாங்கிக்கொண்டது: அபின், அபினி. இந்தியில் ‘அஃபீம்’ என மகரத்தில் முடிகிறது, நம்மிடம் னகரம். ஆகவே இந்தி வழியாக வராமல் அஃப்யூனிலிருந்தே வந்தது எனலாமா? இலக்கணம் தெரிந்தவர் இங்கே மறிப்பார். அகம் அகன் ஆவதும் நிலம் நிலன் ஆவதும் நம் மொழியின் பழைய வழக்கம்தானே, மகர னகரப் போலி என்று நன்னூலார் சொல்லிவைத்ததுதானே என்பார். சரிதான், தமிழை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆனால் நல்லமந்தோடு ‘அபினி’ என்ற வடிவமும் தெலுங்கில் வழங்குகிறது. நம் போலி விதி அங்கே செல்லாது. 1513இல் இந்தியாவிலிருந்து போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், போர்ச்சுகல் வயல்களில் கசகசாச் செடி போட்டு அபின் எடுக்கலாம், இங்கே அதைவிட நன்றாக விலைபோகும் சரக்கு இல்லை என்று யோசனை சொன்ன போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க், அதை ‘அஃப்யாம்’ என்றே எழுதுகிறார். அரபிச் சொல்லின் யகரம் அதில் அப்படியே நிற்கிறது. மேற்குக் கரைத் துறைமுகங்களில் புழங்கிய சொல் அஃப்யூனே என்று தெரிகிறது. நம் அபினும் அந்தப் பக்கத்து உறவு என்றே கொள்கிறேன். கிரேக்கப் பகரம் அரபியில் ஃபகரமாகி, தமிழுக்கு வந்ததும் மறுபடி பகரமாகிவிட்டது. ஆங்கிலம் வழியாக ஓபியம் வந்து சேர்ந்தபோது, அது அபினின் உடன்பிறப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் சுமேரியர் இதை ‘இன்பச் செடி’ என்று அழைத்தார்களே, போதையைச் சொல்லும் பெயர் அப்போதே இருந்ததே என்று கேட்பீர்கள். பல புத்தகங்களில் இது இருக்கிறது. ஆப்பெழுத்துப் பலகைகளில் வரும் ‘ஹுல்-கில்’ என்ற குறியை அப்படிப் படித்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். அந்தக் குறி இந்தச் செடியைத்தான் சுட்டுகிறது என்பதே உறுதியில்லை என்று 1975இல் ஏப்ரகாம் கிரிகோரியன் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்விக்குள்ளாக்கினார். இருந்தும் இன்பச் செடி சாகவில்லை. பெயர் போதையைப் பேச வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்; அந்த எதிர்பார்ப்புதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. உண்மையில் விளைவைச் சொல்லும் பெயர்கள் வெகு தாமதமாக, ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தன. ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர், அபினிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குக் கனவுக் கடவுள் மார்ஃபியஸின் பெயரைச் சூட்டினார், அதுவே மார்ஃபின். 1898இல் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்த சரக்குக்கு, வீரத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து ‘ஹெராயின்’ என்று வணிகப் பெயர் வைத்தது. சாறு, கனவாகி, வீரமானது. இதற்கு நடுவே 1844இல் மதத்தை அபினோடு ஒப்பிட்ட கார்ல் மார்க்ஸின் காலத்தில், ஐரோப்பாவில் அபின் எந்த மருந்துக்கடையிலும் கிடைத்த வலிநிவாரணி. நம் மேடைகளில் அந்த ஒப்புமை பேசப்பட்டபோது சொல்லுக்குள்ளிருந்த வலி போய், மயக்கம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவர் சொன்னதில் பாதியைத்தான் நாம் கேட்டோம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக அந்தக் ‘கஸ’. குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிற கசகசா, அபின் செடியின் விதையேதான். பால் வடிவது காயின் தோலில்; விதையில் போதை கிடையாது. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும், அறுவடையான செடியின் மற்றப் பகுதிகளைக் கட்டுக்குள் கொண்டுவரும்போது விதையை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. அரபியிலும் பாரசீகத்திலும் அதன் பெயர் ‘கஷ்காஷ்’. காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதைகள் சலசலக்கும். அரபியில் ‘கஷ்கஷ’ என்றால் சலசலப்பது. பொருத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருப்பதால், பாம்பு நுரையிடம் பட்ட பாடத்தை நினைத்து இதையும் பாதிதான் நம்புகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்த விதையே தடைசெய்யப்பட்ட பொருள். ஊரிலிருந்து மசாலாப் பொட்டலத்தோடு போய் இறங்கி, விமான நிலையச் சுங்க மேசையில் மாட்டிக்கொள்கிற தமிழர் ‘சமையலுக்குக் கசகசா’ என்று விளக்குவார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ‘கஷ்காஷ்’ என்று எழுதிக்கொள்வார். இருவரும் சொல்வது ஒரே சொல்.

(தொடரும்)